சந்தோஷத்துக்கு வால் முளைத்தது

வால்! இந்த ஒரு சொல்லை வாய்விட்டுக் கத்திவிட்டால்தான் நெஞ்சு ஆறும் போலிருந்தது ஆவுடையப்பனுக்கு. கத்த முடியுமா? கல்லூரிக் கலையரங்கத்தில் ஆசிரியர் கூட்டம் மொத்தமும் துறைவாரியாக வரிசையில் நிற்கிறது, மேடையில் ராஜா நாற்காலியில் தாளாளர் பொன்னுத்துரை அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். திருநெல்வேலிச் சீமையில் எந்தத் தனியார் கல்லூரியிலும் இப்படி ஒரு கூத்து உண்டா என்று கேட்டால், தெரியாது சாமி, இங்கே உண்டு. வாசலில் ஆபீஸ் சூப்பிரண்டு நின்றுகொண்டு ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடையேற வேண்டும், பழத்தை அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும், காலில் விழ வேண்டும், எழுந்து மறுபக்கப் படி வழியாக இறங்கிவிட வேண்டும். அண்ணாச்சி பழத்தைப் பக்கத்தில் இருக்கும் கூடையில் போடுவார். கூடை நிறைந்தால் அது திரைக்குப் பின்னால் போய், அரங்கத்தைச் சுற்றி, மறுபடி வாசலுக்கு வந்துவிடும், அதே பழம் அடுத்த துறைக்கு. ஆவுடையப்பன் கையில் இருந்தது வேதியியல் பார்த்த பழமா, வரலாறு பார்த்த பழமா, யார் கண்டது, அழுகலுக்கு ஒரு நாள் முந்தி இருந்தது. ஆனால் அவன் மனசு பழத்தில் இல்லை, மேடையில் இல்லை, அது நேற்று மத்தியானம் நூலகத்தில் தலையணை தடிமனில் இருந்த ஓர் அகராதியின் நடுப்பக்கத்தில் குந்திக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

விஷயம் இதுதான். போன மாதம் சூப்பிரண்டு இவனைக் கூப்பிட்டு, 'வே, அண்ணாச்சி பிறந்தநாளுக்கு இங்கிலீஷ்ல ஒரு வாழ்த்து மடல் எழுதும், கனமா இருக்கணும், கேக்கவன் கெறங்கிப் போவணும்' என்றார். எழுதுவதற்கென்ன, ஆவுடையப்பனுக்கு அது கை வந்த கலை. இந்தக் கல்லூரியில் யார் வந்தாலும் வரவேற்புரை இவன் எழுதுவதுதான், யார் போனாலும் பிரிவுரை இவன் எழுதுவதுதான், அடியில் மட்டும் வேறு ஆள் கையெழுத்து இருக்கும். எழுதினான். கனத்துக்காகக் கடைசி வரியில் அட்யுலேஷன் என்று ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டான், எங்கள் எல்லோருடைய அட்யுலேஷனையும் தங்கள் பாதங்களில் வைக்கிறோம் என்று. மட்டுக்கு மீறின பக்தி, அளவு கடந்த புகழ்ச்சி, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் மாட்டியும் ஆயிற்று. நேற்று மத்தியானம் சும்மா இருக்க மாட்டாமல், சோறு உண்ட மயக்கத்தில், இந்தச் சொல் எந்த ஊர்க்காரன் என்று பார்ப்போமே என்று அகராதியைப் புரட்டினான். லத்தீன்காரன். சரி. லத்தீனில் என்ன பொருள்? நாய் எசமானிடம் குழைந்துகொண்டு வருவது. ஐயையோ! கூடவே வேறொரு குறிப்பு, இந்தச் சொல்லுக்குள் வால் என்கிற பழைய வேர் ஒளிந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், உறுதியில்லை. உறுதியில்லையாம்! ஆவுடையப்பனுக்கு உறுதி. கல்லூரி முழுக்க வாலை ஆட்டிக்கொண்டு வந்து தங்கள் பாதங்களில் வைக்கிறோம் என்று பொன்னெழுத்தில் எழுதி, அண்ணாச்சி தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறான் பாவி. அவனுக்கு வந்த சிரிப்பில் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

சிரிப்பை ஒருத்தரிடமாவது இறக்கி வைக்க வேண்டாமா? துறை அறைக்கு ஓடிப் போய் பியூலாவிடம் சொன்னான். பியூலா இவனோடு ஆங்கிலம் எடுப்பவள், இப்போது வரிசையில் இவனுக்கு நேர் முன்னால் நிற்கிறாளே, பச்சை வாயில் சேலை, அவள்தான். கேட்டுவிட்டு அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறிப் போயிற்று. 'சார், ஒண்ணு கேக்கட்டா? வருசா வருசம் இந்த நாளைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டுத் தப்பிச்சேன். இந்த வருசம் லீவே கெடையாதுன்னுட்டாவ. எங்க வீட்ல மனுசன் கால்ல விழுற பழக்கம் கெடையாது சார், எங்க அப்பா சாவுற வரைக்கும் அவர் கால்லயே நான் விழுந்ததில்ல. பழத்தக் குடுக்கேன், கையெடுத்துக் கும்பிடுதேன், இறங்கி வாரேன், அவ்வளவுதான். ஆனா தனியா நிக்கத்தான் பயமா இருக்கு. நீங்களும் எங்கூட நில்லுங்க. ரெண்டு பேருன்னா அது துறைப் பழக்கம்னு போயிரும், ஒராளுன்னா திமிருன்னு ஆயிரும்' என்றாள். ஆவுடையப்பன் சொல்லின் வேரைக் கண்டுபிடித்த தெம்பில் இருந்தான், அந்த நேரத்தில் யானையைத் தூக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பான். 'விழ மாட்டேன் மேம், சத்தியம்' என்று மேசையில் அடித்தான். அவள் நம்பிவிட்டாள். இதோ கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கிறாள், நிற்கிறீர்கள்தானே என்று. நிற்கிறேன் என்று தலையை ஆட்டினான். ஆட்டினதும், ஆட்டுகிற புத்தி எங்கே போகும் என்று தோன்றிச் சிரிப்பு முட்டியது.

வரிசை நகர்ந்தது, சிரிப்பு அடங்கினது, சொரிமுத்து ஞாபகம் வந்தது. எங்கிருந்துதான் வருமோ! கணக்குத் துறைச் சொரிமுத்து, போன வருசத்துக்கு முந்தின வருசம், இதே மேடை, இடுப்பு வலி என்று சொல்லிக் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு இறங்கினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி அவனைப் பார்த்து நல்லாத்தான் சிரித்தார். அடுத்த வாரம் அவனை அண்ணாச்சியின் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிப் போட்டார்கள், ஆறாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க. இடுப்பு வலிக்குச் சின்னப் பிள்ளைகள்தான் நல்லது என்றார் சூப்பிரண்டு. பழிவாங்கினார்கள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் இன்னும் தற்காலிகம். இந்த வருசம் நிரந்தர ஆணை வருகிறது, ஆங்கிலத் துறைக்கும் உண்டு என்று காற்றுவாக்கில் பேச்சு. காலையில் அவன் பெண்டாட்டி கோமு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சா திருச்செந்தூருக்கு ஒரு முடி எறக்கணும், ஒங்க முடிதான்' என்றாள். நல்லபடியா என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும், ரெண்டு பேரும் சட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். சத்தியம் பண்ணியதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், விழுந்து எந்திரிங்களேன், குனிஞ்சா முதுகு ஒடிஞ்சிரவா போகுது, ஊரோடு ஒத்து வாழுங்களேன் என்பாள். ஒடியாதுதான். கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான், தாய்மாமன் காலில் விழுந்தான், தாலி கட்டின அன்றைக்கு யார் யார் காலில் விழுந்தோம் என்பதே தெரியாது, கால் கண்ட இடமெல்லாம் விழுந்தான். அப்போதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லையே. அண்ணாச்சி காலில் போன வருசங்களில் விழுந்தபோது மட்டும் எழுந்ததும் வாய் கசந்ததே, ஏன்? பயந்து விழுந்தேன், அதனால் கசந்தது. பயந்து விழுவதுதான் வாலாட்டு. அதுதான் அட்யுலேஷன். இன்றைக்கு முதுகெலும்பு ஒரு சொல்லால் நிமிர்ந்திருக்கிறது. கை வியர்த்து எலுமிச்சம்பழம் வழுக்கியது.

சரி, பயம்தானா? திடீரென்று ஒரு கொக்கி விழுந்தது மனசில். லத்தீன் சொல்லுக்கு விளக்கம் சொல்ல அகராதிக்காரன் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் போட்டிருந்தானே, ஃபான் என்று, குழைவது, வாலாட்டுவது. அந்தச் சொல் எந்த ஊர்? அதை நேற்றுப் பார்க்கவில்லையே! அடடா, வீட்டு வாசல் வரைக்கும் போய்க் கதவைத் தட்டாமல் வந்துவிட்டேனே. இனி இருப்புக் கொள்ளுமா? ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் போன், கட்டைவிரலால் தட்டித் தேடினான். அரங்கத்துக்குள் சிக்னல் வந்தது, போயிற்று, வந்தது. முன்னால் வணிகவியல் மேடையேறத் தொடங்கிவிட்டது. பக்கம் திறந்தது. ஃபான். நாய் வாலாட்டிக் குழைவது, அப்புறம் மனுசன் மனுசனிடம் குழைவது. அதற்கும் முந்தி? பழைய இங்கிலீஷ். அங்கே நாயும் இல்லை, வாலும் இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் மகிழ்வது. சந்தோஷப்படுவது. வெறும் சந்தோஷம்! ஆவுடையப்பனுக்கு மயிர்க்கூச்செடுத்தது. முதலில் சந்தோஷப்பட்டான் மனுசன். சந்தோஷப்பட்டதற்கு ஒரு சொல் வைத்தான். பிறகு நாய் வாலை ஆட்டுவதைப் பார்த்தான், அட, இதுவும் நம்மைப் போலச் சந்தோஷப்படுகிறதே என்று அந்தச் சொல்லை நாய்க்குக் கொடுத்தான். கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பி வரும்போது அது நாய் பட்ட சொல்லாக வந்தது, கூழைக் கும்பிடாக வந்தது. சந்தோஷம் என்கிற பொருள் வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது, யாரும் தேடவில்லை. நான் தேடினேன், நான் கண்டேன்! இத்தனை கூட்டத்தில் யாருக்குத் தெரியும் இது?

தெருமுனையில் இஸ்திரி வண்டிக்கடியில் ஒரு செவலை நாய் கிடக்கும். சாயங்காலம் இவன் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தால் எழுந்து உடம்பெல்லாம் நெளித்துக்கொண்டு வரும், முன்னங்காலை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்து, வாலால் மண்ணைப் பெருக்கும். ஒரு நாளும் அதற்கு ஒரு வறுக்கித் துண்டுகூடப் போட்டதில்லை. சீ போ, சோத்துக்கு ஆட்டுது பாரு வாலை என்று சொல்லியிருக்கிறான், எத்தனையோ தரம். சோறே போடாத ஆளுக்கு அது ஏன் ஆட்டியது? மழையில் நனைந்துகொண்டும் வந்து ஆட்டியதே! சந்தோஷம். என்னைப் பார்த்ததில் சந்தோஷம், வேறொரு எழவும் இல்லை. ஐயோ, அதைப் போய்த் திட்டினேனே. கோயிலில் ஓதுவார் உருகி உருகிப் பாடும்போது நாயேன் நாயேன் என்று வருகிறதே, அதைக்கூட இத்தனை நாள் தாழ்வு என்று நினைத்தானே, அதிலும் இருந்தது அந்தச் சந்தோஷம்தானோ, கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் என்று ஒரு நாய் தரையில் புரளுகிற சந்தோஷம்? இதைச் சொல்லியாக வேண்டும். பியூலாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து, 'மேம், வால் இல்ல மேம், அதுக்கு முந்தி வேற ஒண்ணு இருக்கு' என்றான். அவள் திரும்பவில்லை. 'இப்ப வேண்டாம் சார், எறங்கி வந்து கேக்கேன்' என்றாள். அவள் பின்கழுத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. துறைத் தலைவர் மேடையேறினார், பொத்தென்று விழுந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்து பியூலா. படியில் கால் வைக்கும்போது சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி.

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தான். அவள் நடந்தாள், பழத்தைக் கொடுத்தாள், கையைக் குவித்தாள். நின்றாள். வாசலில் சூப்பிரண்டு கழுத்து நீண்டது. அண்ணாச்சி அவளை ஏறிட்டுப் பார்த்தார், பழத்தைக் கூடையில் போட்டார், 'என்ன டீச்சர், பிள்ளைய எல்லாம் நல்லா இருக்காவளா?' என்றார். 'நல்லா இருக்காவ அண்ணாச்சி.' 'சந்தோசம், போயிட்டு வாங்க.' அவ்வளவுதான். இடி விழவில்லை. பியூலா இறங்கிப் போனாள், போகிற போக்கில் திரும்பி இவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி. இனி என்ன பயம்? பாதை போட்டாயிற்று, நடக்க வேண்டியதுதான் பாக்கி. ஆவுடையப்பன் மேடையேறினான். கம்பளம் காலுக்கு மெத்தென்று இருந்தது. பக்கவாட்டில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோகிராபர் ஒருத்தர் நின்றார். முதுகை நிமிர்த்தினான், பழத்தை நீட்டினான், கையைக் குவிக்கப் போனான். அண்ணாச்சி பழத்தை வாங்கவில்லை. இவன் மணிக்கட்டைப் பிடித்தார். 'நீதான ஆவுடையப்பன்? இந்த இங்கிலீஷ எழுதுனது நீதானவே?' என்று தலைக்கு மேலே சட்டத்தைக் காட்டினார். செத்தேன் என்று நினைத்தான் ஆவுடையப்பன். யாரோ சொல்லிவிட்டார்கள், வால் தெரிந்துவிட்டது. 'ஆமா அண்ணாச்சி.' 'எம் பேத்திய விட்டு ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அர்த்தம் பாதி வெளங்கலவே. ஆனா கேக்கக் கேக்க காதுக்கு அவ்வளவு எதமா இருந்துது. எவம் எழுதுனான் இதன்னு கேட்டேன், ஒருத்தரும் வாயத் தெறக்கல. பொறவு நானே வெசாரிச்சுத்தான் ஒம் பேரத் தெரிஞ்சிக்கிட்டேன்.' எழுதினது யார் என்று ஒரு மனுசன் கேட்டிருக்கிறான். இத்தனை வருசத்தில், இத்தனை வரவேற்புரையில், இத்தனை பிரிவுரையில், யாரும் கேட்காததைக் கேட்டிருக்கிறான், தானே விசாரித்திருக்கிறான், பேரைத் தெரிந்துகொண்டு சொல்கிறான். அடிவயிற்றிலிருந்து என்னமோ பொங்கிக்கொண்டு வந்தது, அது பயமில்லை, சத்தியமாகப் பயமில்லை, நிரந்தர ஆணை நினைப்பில்லை, கோமு இல்லை, சொரிமுத்து இல்லை, உடம்பெல்லாம் நெளிந்தது, முட்டி தானாக மடங்கியது, நெற்றி கம்பளத்தில் பட்டது, ஐயோ எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர்.

'சார், சார், ஒரு நிமிசம்' என்றார் போட்டோகிராபர். 'ஃப்ளாஷ் அடிக்கல. இன்னொரு தடவ விழுந்துருங்க.' ஆவுடையப்பன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கேமராவைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தார், இவன் மணிக்கட்டை எப்போது விட்டார் என்று தெரியவில்லை, கை அடுத்த ஆளின் பழத்துக்கு நீண்டிருந்தது. 'சீக்கிரம் வே, பின்னால ஆள் நிக்கி' என்றார், அதற்குள் மேடையடிக்கு வந்துவிட்ட சூப்பிரண்டு. ஆவுடையப்பன் விழுந்தான். இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது. அண்ணாச்சியின் வலது கால் பெருவிரலில் நகம் கறுத்திருந்தது, கம்பளத்தில் நசுங்கின எலுமிச்சை விதை ஒன்று ஒட்டியிருந்தது, இடது முட்டி வலித்தது. 'தலையக் கொஞ்சம் தூக்குங்க சார், ஆங், அப்பிடியே இருங்க' என்றது குரல், தூக்கினான், அப்படியே இருந்தான், வெளிச்சம் அடித்தது. எழுந்து மறுபக்கப் படி வழியாக இறங்கினான். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் பியூலா அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. சொன்னால் புரிந்துகொள்வாள், அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும் என்று ஆவுடையப்பன் அவசர அவசரமாகச் சொன்னான், அந்தச் சொல்லுக்கு வேர் வால் இல்லை, சந்தோஷம், பழைய இங்கிலீஷில் வெறும் சந்தோஷம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இதோ போனிலேயே இருக்கிறது, நானும் பயந்து விழவில்லை, 'சத்தியமா மேம், சந்தோசத்துலதான் விழுந்தேன், என்னையறியாம விழுந்துட்டேன்.' பியூலா அவன் நீட்டின போனைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அவள் நம்பினாள், அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

'சரி சார், நம்புதேன். ரெண்டாவது தடவ?' என்றாள்.

'போட்டோகிராபர் சொன்னாரு மேம்' என்றான் ஆவுடையப்பன்.